ஆறு கிலோ சந்தனமாரி

தேரிவிளைச் சனங்கள் உப்பளத்து வாசலில் போய் உட்கார்ந்த ஒன்பதாம் நாள் காலையில், போலீஸ்காரர்கள் எட்டுப் பேர் சேர்ந்து புஷ்பக்கனியைத் தூக்கப் பார்த்தார்கள், முடியவில்லை. புஷ்பக்கனி ஒன்றும் பருத்த உடம்புக்காரி இல்லை, உப்புப் பெட்டி சுமந்தே கழுத்தும் இடுப்பும் வற்றிப்போன பொம்பளை, காற்றடித்தால் சேலை முன்னால் போகும், அவள் பின்னால் போவாள். அவளைத் தோளுக்கு இரண்டு பேர், இடுப்புக்கு இரண்டு பேர், காலுக்கு நாலு பேர் என்று பிடித்து, முகமெல்லாம் சிவந்து, ஒருத்தருக்கு முதுகு பிடித்துக்கொண்டு, கடைசியில் எட்டுப் பேரும் அவளைச் சுற்றி உட்கார்ந்து மூச்சு வாங்கினார்கள். கல்யாணத்தன்றைக்குக்கூட என்னை யாரும் இப்படித் தாங்கினதில்லை என்று புஷ்பக்கனி சொல்ல, பந்தல் முழுக்கச் சிரித்தது. சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்களா என்று அதிகாரி பாயின் ஓரத்தைப் புரட்டிப் பார்க்கச் சொன்னார். அடியில் மணல்தான் இருந்தது, அதுவும் அமுங்காமல் இருந்தது. பக்கத்து ஆளைத் தூக்கிப் பார்த்தார்கள், அதற்கடுத்த ஆளைத் தூக்கிப் பார்த்தார்கள், எழுநூறு பேரில் முன்வரிசைக்காரர் ஒருத்தரையும் அசைக்க முடியாமல் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போனார்கள்.

ஊரே உப்பு வாரிப் பிழைக்கிற நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டு, கப்பல் சாமான் வைக்கிற கிடங்கு கட்டப்போவதாகத் தாள் ஒட்டியதால் வந்த போராட்டம் அது. அதிகாரிகள் வந்தால் பேசுவது, வராவிட்டால் உட்கார்ந்திருப்பது, கை நீட்டுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவைத்து உட்கார்ந்தார்கள். எடை எப்படி ஏறியது, ஏன் ஏறியது என்று யாரும் ரொம்ப யோசிக்கவில்லை. உப்பளத்துக்காரர்களுக்கு எடை கூடுவதும் குறைவதும் தினம் பார்க்கிற சங்கதி, ஈரம் இருந்தால் கூடும், வெயிலில் கிடந்தால் குறையும், அதுபோல இது ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள்.

எதனால் குறையும் என்பது பத்தாம் நாள் தெரிந்தது. ஒரு போலீஸ்காரர், பந்தலில் இருந்த குருசுமுத்து என்பவனின் செத்துப்போன அம்மாவைச் சொல்லி ஒரு வார்த்தை பேசினார். குருசுமுத்துவுக்குக் கண் மட்டும் சிவந்தது, அவ்வளவுதான், இரண்டு போலீஸ்காரர்கள் அவனை அப்பளம் மாதிரி எடுத்து வேனில் வைத்துக்கொண்டு போனார்கள். மூன்று நாள் கழித்து விலாவில் கட்டுப் போட்டுத் திரும்பி வந்தான். கோபம் வந்தால் எடை போய்விடும் என்று அப்படித்தான் ஊர் படித்தது.

படித்ததை ஊர் தன் சௌகரியத்துக்கு வளைத்துக்கொண்டது. கனத்துப்போனவர்களுக்கு வெளிக்குப் போகவேண்டும், வீட்டுக்குப் போய் உலை வைக்கவேண்டும், எழுந்திருக்க முடியாதே, அதனால் ஆளுக்கொரு பழைய கோபத்தை முந்தியில் முடிந்துகொண்டு வந்தார்கள். புஷ்பக்கனி, வளைகாப்பில் தனக்கு இலை போடாமல் விட்ட நாத்தனாரை நினைத்துக்கொண்டு எழுந்திருப்பாள். கோபமே இல்லாத கிழவர் ஒருவர் இருந்தார், அவரை எழுப்ப நாலு பேர் சுற்றி நின்று, நீர் கட்டின வீட்டு வாசல்படி கோணலாமே, கொத்தனார் சொல்லிச் சிரித்தாராமே என்று ஏற்றிவிட்டால்தான் வேட்டியை உதறிக்கொண்டு எழுவார். வாசல் மைதானத்தைத் தாண்டி ரோட்டில் கால் வைத்துவிட்டால் எல்லாருக்கும் அவரவர் பழைய எடை வந்துவிடும்.

கைப்பிள்ளைக்காரிகள் பாடுதான் கஷ்டம். பிள்ளைகளுக்கு முடிந்துவைக்க ஒரு கோபமும் இல்லை. அதனால் வீட்டுக்குக் கிளம்பும்போது தாய்மார்கள் பிள்ளையின் தொடையில் லேசாக ஒரு கிள்ளு கிள்ளுவார்கள், பிள்ளை வீறிட்டு அழும், அழுகிற நேரத்துக்குள் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடுவார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு உப்பளத்து வாசலில் முப்பது பிள்ளைகள் சேர்ந்து அழும். அந்தப் பக்கம் போகிற பஸ்ஸில் இருப்பவர்கள் ஏதோ துக்கம் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

அப்படிக் கிள்ளித் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் கடைசியாக ஓடுகிறவள் சந்தனமாரி. அவள் பிள்ளை அபி, எட்டு மாதம். சந்தனமாரி முதல் நாளிலிருந்தே பந்தலுக்கு வந்தாள், ஓரத்துத் தூணை ஒட்டி உட்கார்ந்தாள், கோஷம் போடும்போது வாயை மட்டும் அசைத்தாள், சத்தம் வராது. அவளிடம் யாரும் வந்து பேசவில்லை. அவள் புருசன் சுடலைமணி, அபி வயிற்றில் ஆறு மாதமாக இருக்கும்போது, அந்தக் கிடங்கு கட்டப்போகிற கான்ட்ராக்டரிடமே வேலைக்குச் சேர்ந்து, பயிற்சி என்று வடக்கே போனவன், மாதம் ஒரு போன், பிறகு அதுவும் இல்லை. ஊர் அவளைத் திட்டவில்லை, விலக்கியும் வைக்கவில்லை, பாயில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் உட்காருகிற இடத்தை மட்டும் எப்போதும் காலியாக விட்டிருந்தது. அந்தக் காலி இடத்தில் அபியைக் கிடத்திக்கொள்வாள்.

பன்னிரண்டாம் நாள் அரசாங்கம் கிரேன் கொண்டுவந்தது. கோணல் வாசல்படிக் கிழவரின் இடுப்பில் பட்டை மாட்டி இழுத்ததில் கிரேன் மூக்குக் குப்புற விழுந்தது, கிழவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே டிரைவருக்கு அடிபட்டதா என்று விசாரித்தார். அதைப் படம் பிடித்துப் போட்ட பிறகு வெளியூர்களிலிருந்து காலேஜ் பிள்ளைகள், வக்கீல்கள், பத்திரிகைக்காரர்கள் எல்லாம் வர ஆரம்பித்தார்கள். அடிக்காமல், திருப்பி அடிக்காமல், உட்கார்ந்தே ஒரு ஊர் ஜெயிக்கப்போகிறது என்று மைக்கில் பேசினார்கள். ஊருக்கும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நெஞ்சு நிமிர்ந்ததும் பயம் வந்தது.

பயந்தது தங்கப்பழம் அண்ணாச்சி. உப்பளத்து வாசலில் லாரி எடைமேடை பார்க்கிறவர் அவர், முப்பது வருசமாக எடையில் ஒரு கிலோ முன்னே பின்னே சொன்னதில்லை என்பதால்தான் ஊர் அவரைத் தலைவராக வைத்தது. கோபக்காரன் ஒருத்தன் லேசாக இருந்தால் அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அவனைத் தூக்குவதைப் பார்த்துப் பக்கத்தில் இருப்பவனுக்குக் கோபம் வரும், அவனும் லேசாவான், அப்புறம் பந்தலே காலியாகிவிடும் என்று கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். சொன்னது எல்லாருக்கும் சரியாகத்தான் பட்டது. ஆகவே பதினைந்தாம் நாளிலிருந்து, காலையில் வருகிற ஒவ்வொருத்தரும் எடைமேடையில் ஒரு நிமிசம் உட்கார்ந்துவிட்டுத்தான் பந்தலுக்குள் போகவேண்டும் என்று வைத்தார்கள். ஒரு டன்னுக்குக் குறைந்தால் பந்தலில் இடமில்லை, மைதானத்துக்குப் பின்னால் உப்பை இழுத்துச் சேர்க்கிற வாருபலகைகள் போட்டுவைக்கிற ஓலைக்கொட்டகையில் இருந்து காய் நறுக்கலாம், தண்ணீர் மோந்து கொடுக்கலாம்.

புஷ்பக்கனி பதினெட்டு டன் இருந்தாள். கிழவர் இருபது. சந்தனமாரி அபியைக் கீழே விட்டுவிட்டுத் தனியாகப் போய் மேடை நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சிவப்பு எண் ஓடி ஓடி ஆறில் நின்றது. டன் இல்லை, கிலோ. மிஷின் தப்பு என்று அண்ணாச்சி துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார், ஆறு கிலோதான். ஊரே பார்த்தது. வாய் திறந்து ஒரு சொல் உரக்கப் பேசாதவள், வீட்டுக்கு வந்த சாமியாடிக்குக்கூடக் கதவுக்குப் பின்னால் நின்று பதில் சொன்னவள், இவளுக்குள்ளே இவ்வளவு கிடந்ததா என்று பொம்பளைகள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். யார் மேலம்மா என்று அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போனவன் மேலா, போகச் சொன்னவன் மேலா, தாள் ஒட்டியவன் மேலா, பாயில் இடம் விட்டு உட்கார்ந்தவர்கள் மேலா, பால் காய்ச்சும்போதும் துணி துவைக்கும்போதும் அது கூடவே இருந்தது, அதற்குப் பேர் கோபம் என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

அபியைத் தூக்கி மேடையில் வைத்தார்கள், வைத்த கையை எடுத்ததும் எண் ஓடியது, இருபது, முப்பது, நாற்பது, மேடை தாங்குகிற அளவு முடிந்து எண் அணைந்துபோனது. அண்ணாச்சி கையெடுத்துக் கும்பிட்டார். இந்தப் பிள்ளை முன்வரிசையில் இருந்தால் பட்டாளமே வந்தாலும் பந்தல் அசையாது என்று ஊர் சொன்னது. ஆக, பிள்ளை முன்வரிசைக்கு நடுவில், மேலே ஒரு குடை, பக்கத்தில் விசிறிக்கொண்டு புஷ்பக்கனி. தாய் பின்னால் கொட்டகையில். மூன்று மணி நேரத்துக்கொரு தரம் பால் கொடுக்கக் கூப்பிடுவார்கள், அவள் தலை குனிந்து வருவாள், கொடுத்துவிட்டுத் தலை குனிந்து போவாள், சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிள்ளித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடுவாள். பிள்ளையை என்கிட்டயே விட்டுருங்க என்று சொல்ல அவள் எத்தனையோ தரம் வாயெடுத்தாள். பிள்ளை தன்னோடு இருந்தால் லேசாகிவிடுமோ என்று அவளுக்கே பயமாக இருந்தது.

கொட்டகையில் பதினேழு பேர் இருந்தார்கள். பதினேழு பேரும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசவில்லை, லேசானவன் என்று ஊர் பார்த்துவிட்ட வெட்கம் ஒவ்வொருத்தருக்கும் தனியாக இருந்தது. மத்தியானம் கடல்காற்று ஏறும்போது அவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு சாண் எழும்புவார்கள், வெங்காயத்தோலும் அவர்களும் சேர்ந்து எழும்புவார்கள். அதற்காக மடியில் ஆளுக்கொரு கல் வைத்துக்கொண்டார்கள். சந்தனமாரி வாய்க்காலோரத்தில் கிடந்த ஒரு கருங்கல்லை எடுத்து வைத்துக்கொண்டாள். குருசுமுத்து இரண்டு கல் வைத்திருந்தான், விலா வலி இன்னும் இருந்ததால் ஒன்று போதவில்லை. யாரையும் எறிவதற்காக எடுத்த கல் இல்லை, பறந்துபோகாமல் இருக்க எடுத்த கல். வாருபலகையைப் பிடித்துக்கொண்டு நடக்கவும், காற்று வரும் திசைக்குத் தோளைக் கொடுக்கவும், கோபம் பொங்கும்போது மூச்சை அடியிலேயே நிறுத்தவும், ஒரு வார்த்தை பேசாமல், ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் அவர்கள் பழகினார்கள். பந்தலில் இருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை, அதனால் தெரியாது.

நாற்பத்தோராம் நாள் காலை பத்து மணிக்கு ஒன்பது லாரி போலீஸ் வந்து இறங்கியது. தூக்கவேண்டாம், எழுந்திருக்க வைத்தால் போதும் என்று இந்தத் தடவை உத்தரவு. அண்ணாச்சி எப்போதும்போல் முன்னால் உட்கார்ந்து கும்பிட்டார். முதல் தடி அவர் தோளில் விழுந்தது, இரண்டாவது அதே இடத்தில். எழுநூறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தர் எடையும் குறையவில்லை, கால்மணி நேரம் அடித்தும் குறையவில்லை, அடிக்கிறவர்களுக்கே கை தளர்ந்தது. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தேரிவிளையில் இப்போதும் பேசுகிறார்கள், பேசி முடிப்பதில்லை.

கொட்டகை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த குருசுமுத்து, நெஞ்சோடு அணைத்திருந்த இரண்டு கல்லில் ஒன்றை எறிந்தான். பக்கத்தில் நின்ற சந்தனமாரி அவன் கையைப் பார்த்தாள், அந்தக் கை எறிந்த பிறகும் நீட்டியபடியே இருந்தது. கல் ஒரு இளம் போலீஸ்காரரின் புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது. பாரம் குறைந்த குருசுமுத்துவைக் காற்று தூக்கி, கொட்டகைக் கூரையைத் தாண்டி, உப்பு அம்பாரங்களுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய்ப் போட்டது.

அதற்குப் பிறகு போலீஸ் ஆள் பார்த்து அடிக்கவில்லை, பிள்ளை, கிழவி என்று பார்க்கவில்லை, புகைக் குண்டும் வந்து விழுந்தது. பந்தலில் இருந்தவர்களுக்கு அப்போதுதான் கோபம் வந்தது, எழுநூறு பேருக்கும் ஒரே நேரத்தில் வந்தது. கோபத்தை வைத்துக்கொண்டு உட்காரத் தெரிந்த பதினேழு பேரும் கொட்டகைக்காரர்கள். பந்தலில் ஒருத்தருக்கும் அது பழக்கமில்லை. இலவம்பஞ்சு கிளம்பினது மாதிரி அவர்கள் கிளம்பினார்கள், பாயோடு, விசிறியோடு, புகையில் வீறிட்ட கைப்பிள்ளைகளோடு, பிடித்திருந்த தட்டியோடு, பந்தல் துணியைக் கிழித்துக்கொண்டு மேலே போனார்கள், கடல்காற்று அவர்களைப் பனைகளுக்கு மேலே கொண்டுபோனது. தங்கப்பழம் அண்ணாச்சி கடைசியாகக் கிளம்பினார். அவருக்குக் கோபம் வந்து ஊர் பார்த்தது அன்றைக்குத்தான். கலெக்டர் ஆபீசிலிருந்து பிற்பாடு வந்த அறிக்கையில், வானத்தைப் பார்த்துத்தான் சுட்டோம் என்று போட்டிருந்தது. உண்மைதான். வானத்தில் அப்போது ஊர்ச்சனம் இருந்தது.

சந்தனமாரி மேலே பார்க்கவில்லை. தாழக் குனிந்து, தூணைப் பிடித்து, பாயைப் பிடித்து, சனங்கள் விட்டுப்போன செருப்புகளுக்கு நடுவே முட்டியால் ஊர்ந்து, இருபத்தாறு நாளாக லேசாக இருந்து பழகிய பழக்கத்தில் காற்றுக்கு அடியிலேயே முன்வரிசைக்கு வந்து சேர்ந்தாள். குடை பறந்துபோயிருந்தது. அபி புகைக்குள்ளே ஒருக்களித்துப் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. அவள் தூக்கப் பார்த்தாள், பிள்ளை அசையவில்லை. பிள்ளையின் ஒரு விரலைக்கூட அவளால் தரையிலிருந்து எடுக்க முடியவில்லை.

பெண் போலீஸ் ஒருத்தி ஓடிவந்து பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, முடியாமல், பக்கத்தில் மண்டி போட்டாள். அவள் கண்ணிலும் புகைக்குத் தண்ணீர் கொட்டியது. அவள் சட்டைப் பொத்தான் பக்கம் ஈரமாக இருந்தது, அவளுக்கும் வீட்டில் பால்குடிப் பிள்ளை இருக்கவேண்டும்.

"ஏம்மா, கிள்ளித்தான தூக்குவீங்க, எங்களுக்குத் தெரியும். கிள்ளும்மா. மறுபடி சுடச் சொல்லப்போறாங்க, கிள்ளித் தூக்கிட்டு ஓடு."

சந்தனமாரி கிள்ளினாள். பயத்தில் அழுத்தமாகவே கிள்ளிவிட்டாள். அபி கண்ணை விழித்தது, தாயைப் பார்த்தது, தினம் சாயங்காலம் வருகிறதுதானே என்பதுபோல் உதட்டைச் சுழித்தது, அழவில்லை. இன்னும் பலமா என்றாள் போலீஸ்காரி. சந்தனமாரி பிள்ளையின் துணியை விலக்கினாள். தொடையில் சின்னச் சின்னதாக நீலம் பாரித்து, ஒன்று பக்கத்தில் ஒன்றாக, முப்பது நாள் கிள்ளு இருந்தது. தன் கோபத்தில் தினம் ஒரு துளி எடுத்து இந்தத் தொடையில் வைத்துத்தான் பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பிள்ளை அதையெல்லாம் எங்கேயோ வாங்கி வைத்துக்கொண்டு, கனத்தைக் குறைக்காமல் படுத்திருந்தது.

"இனிமே கிள்ளமாட்டேன்" என்றாள் சந்தனமாரி. சத்தமாகத்தான் வந்தது, அவளுக்கே யாரோ சொன்னது மாதிரி இருந்தது.

பிள்ளையின் பக்கத்தில் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் அதைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தூக்க ஒரு ஆள் போதும். ஒரே ஆள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினார், கால் மேலே போனது, உடம்பு மேலே போனது, கொடியில் போட்ட சேலை மாதிரி அந்தரத்தில் படபடத்தாள், ஆனால் கை பிள்ளையை விடவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள், நாலு பேர் இழுத்தார்கள். அவள் கோபம் போகவில்லை, ஆறு கிலோகூட இருந்திருக்காது அப்போது, ஆனாலும் பிடித்துக்கொண்டிருந்த இடம் அசையாத இடமாக இருந்தது. மத்தியானம் வரை இழுத்துப் பார்த்தார்கள். கேமராக்காரர்கள் திரும்பி வருகிறார்கள் என்று யாரோ சொன்னதும், சுற்றித் தடுப்புக் கம்பி போட்டுவிட்டு, அதிகாரிகள் ஜீப்பில் ஏறினார்கள். பெண் போலீஸ் தன் தண்ணீர் பாட்டிலைக் கம்பிக்கு உள்ளே உருட்டிவிட்டுப் போனாள்.

காற்று ஓய்ந்ததும் பனங்காட்டுக்கு அந்தப் பக்கம் சனங்கள் ஒவ்வொருத்தராக இறங்கினார்கள் என்றும், தங்கப்பழம் அண்ணாச்சியும் கோணல் வாசல்படிக் கிழவரும் உயிரோடு இறங்கவில்லை என்றும் அவளுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது, ஊருக்குள்ளிருந்து வந்த ஒப்பாரியில் பேர் கேட்டுத் தெரிந்தது. கொட்டகையில் இருந்த மற்றவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக்கொண்டு போயிருந்தது, வாசலுக்கு ஒருத்தரும் திரும்பி வரவில்லை. ஐந்து மணி ஆனது, அன்றைக்கு எந்தப் பிள்ளையும் அழவில்லை. பசித்தபோது அபி சிணுங்கியது, படுத்தபடியே பால் கொடுத்தாள். இவ்வளவு பெரிய மைதானம், எழுநூறு ஜோடிச் செருப்பு, அவளும் பிள்ளையும். அண்ணாச்சி யார் மேலம்மா என்று கேட்டது நினைவு வந்தது. இப்போது கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவாள், கேட்க ஆள் இல்லை.

இருட்டுவதற்கு முன்னால் தடுப்புக் கம்பிக்கு வெளியே ஒருத்தன் வந்து நின்றான், உடம்பெல்லாம் உப்பு அப்பியிருந்தது. குருசுமுத்து. கம்பியை இறுகப் பிடித்திருந்தான், கால் தரையில் நிற்கவில்லை. அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன், படியேற முடியல, திரும்பிட்டேன் என்றான்.

"என்னால இனிமே கனக்க முடியாது தங்கச்சி. நான் உக்காரலாமா?"

புருசனைத் தவிர ஒரு ஆம்பளை முகத்தைப் பார்த்து சந்தனமாரி பேசியதில்லை. அவன் மேல் அவளுக்குக் கோபம் இருந்தது, அவன் எறிந்த கல்லை நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. அதை எங்கேயும் கொண்டுபோய் வைக்க அவளுக்கு இடமில்லை, அதோடுதான் இருக்கவேண்டும். ஒரு கையால் அபியை அணைத்துக்கொண்டு, அவன் பக்கமாக விரிந்து கிடந்த அபியின் ஒரு கையைக் காட்டினாள். அது கிடந்த இடத்தில் மலை மாதிரி இருந்தது.

"இந்தக் கையப் பிடிச்சுக்கிடுங்க. என்ன வந்தாலும் விட்றாதீங்க."

அவன் கம்பிக்கு அடியில் புகுந்து வந்து உட்கார்ந்து, இரண்டு விரலால் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். கடல்காற்று மறுபடி ஏறியபோது இரண்டு பேரும் ஒரு சாண் எழும்பினார்கள், எழும்பி, பிள்ளைக்கு இரண்டு பக்கமும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. மறுநாள் காலைப் பத்திரிகைகளில் எல்லாம் தேரிவிளைப் போராட்டம் முடிந்துவிட்டது என்று போட்டிருந்தார்கள். போராட்டத்தில் அப்போது மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருத்திக்கு அன்றைக்குத்தான் முதல் பல் வெளியே தெரிந்தது.